செட்டிநாட்டு வீட்டுப் பத்திரமும் கோர்ட்டு வார்த்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். வருகிறவர்களில் பலர் கேஸ் போட வருவதில்லை. கையில் இருக்கும் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத்தான் வருகிறார்கள். சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ ஊருக்கு வந்த கையோடு, பெட்டகத்தில் கிடந்த பத்திரக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வேலைதான் உண்டு. அதற்கு மேலும் அது செய்யும் என்று நம்புகிற இடத்தில்தான் தகராறு தொடங்குகிறது.

வாரிசு, பங்கு பற்றிய பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்து எழுதியவை. இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் விதிகள் வேறு.

"சம்மன்ல என்னைப் பிரதிவாதின்னு போட்டிருக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

ஒரு தப்பும் பண்ணவில்லை. சிவில் வழக்குப் போட்டவர் வாதி, யார் மேல் போட்டாரோ அவர் பிரதிவாதி. மனுவாக இருந்தால் மனுதாரர், எதிர்மனுதாரர். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற சொல் கிரிமினல் கேஸுக்கு மட்டும். பாகப்பிரிவினைக் கேஸில் எல்லாப் பங்குதாரரையும் சேர்த்தே ஆகவேண்டும். அதனால் யாரோடும் சண்டையே இல்லாத அத்தைகூட 7-ஆம் பிரதிவாதியாக வந்து நிற்பார்.

"பட்டா எங்க ஐயா பேர்ல இருக்கு. அப்ப வீடு எங்களோடதுதானே?"

பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அந்த நிலத்துக்கு அரசுக் கணக்கில் யார் பெயர் என்று சொல்லும். அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. உரிமை என்பது கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், வாரிசு வழி இவற்றில் ஒன்றின் மூலம் வரவேண்டும். ஐயா மூத்தவர் என்பதால் அவர் பெயரில் பட்டா போட்டிருப்பார்கள். அதனால் அவருடைய தம்பிகளின் பங்கு காணாமல் போய்விடாது.

நம் ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வீடுகள் பல நத்தத்தில் இருக்கின்றன. நத்தம் என்றால் ஊரார் குடியிருக்கும் மனை நிலம். அரசு புறம்போக்கு என்று பயப்பட வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டுக்குக் கிரயப் பத்திரமே இல்லாமல்கூட இருக்கலாம். அந்த மாதிரி வீட்டுக்கு நத்தம் பட்டா, பழைய வீட்டு வரி ரசீது, குடும்பத்தில் எழுதிய பழைய பாகப்பத்திரம் எல்லாம் சேர்ந்துதான் சாட்சி சொல்லும். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

"வில்லங்கச் சான்று எடுத்தா அதுல நாலு வில்லங்கம் வந்திருக்கு. வீட்டுக்கு ஆபத்தா?"

பெயர்தான் பயமுறுத்துகிறது. அந்தச் சொத்து சம்பந்தமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல் அது. உங்கள் அப்பச்சி (அப்பா) வாங்கிய கிரயமும் அதில் ஒரு வரியாக வரும். அடமானம் இருந்து அதற்கு ரத்துப் பதிவு இல்லையென்றால் கவலைப்பட வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் உள்ளதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு மனுப் போட வேண்டும்.

வில்லங்கம் இல்லை என்று வந்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பிரிவினை, ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் இதெல்லாம் அதில் தெரியாமல் போகலாம்.

"மூலப் பத்திரத்தைக் கரையான் தின்னுருச்சு. சொத்து போச்சா?"

போகவில்லை. பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் வில்லங்கச் சான்றில் பிடிக்கலாம்.

"வாரிசு சான்று வாங்கியாச்சு. இனி வீட்டை விக்கலாமா?"

வாரிசுச் சான்று தாசில்தார் தருவது. இறந்தவருக்கு வாரிசுகள் இன்னின்னார் என்ற பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு என்று அது பிரிக்காது. முழு வீட்டையும் விற்க வேண்டுமென்றால் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்துக்கு முதல் நிலை வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார். இந்தத் தாயாரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் முந்திப் போய், அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு. தகப்பனாருக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை.

பேங்க் டெபாசிட், ஷேர் போன்றவற்றுக்குக் கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டால், அது வேறு காகிதம். தாசில்தாரிடம் போய் நிற்காதீர்கள்.

"பேங்க்ல நாமினி நான்தான். பணம் எனக்குத்தானே?"

பணத்தை வாங்கும் உரிமை உங்களுக்கு. அனுபவிக்கும் உரிமை வாரிசுகளுக்கு. நாமினி போட்டதால் மற்ற வாரிசுகள் கழிந்துபோக மாட்டார்கள். கம்பெனி ஷேர் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே சொல்லிவிட்டது.

"எங்க வீட்ல நாலு புள்ளி. கோர்ட்ல நாலு பங்குதானே வரும்?"

புள்ளிக் கணக்கு கோவிலுக்கும் ஊருக்கும் உரியது. கல்யாணமான ஆண் ஒரு புள்ளி என்று வரி வாங்கவும் முறை பேசவும் அது போதும். கோர்ட் அதைப் பார்க்காது. ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டை விட்டு இறக்கிறார். தாயார், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். புள்ளிக் கணக்கில் மகன்கள் இரண்டு பேர்தான். சட்டக் கணக்கில் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

"எனக்குக் கல்யாணத்துல சீர் எல்லாம் செஞ்சு அனுப்பிட்டாங்க. பிறந்த வீட்ல இன்னும் பங்கு உண்டா?"

உண்டு ஆச்சி. சீர் என்பது பங்குக்குப் பதில் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வைரமும் வெள்ளியும் எவர்சில்வரும் உங்களுக்குக் கொடுத்தது, உங்கள் ஸ்திரீதனம், அதாவது பெண்ணின் சொந்தச் சொத்து. அது கணவர் வீட்டாருடையதும் அல்ல. "எல்லாம்தான் செஞ்சாச்சே" என்ற பேச்சு நடுவீட்டில் எடுபடும், கோர்ட்டில் எடுபடாது.

பூர்வீகச் சொத்தில் தேதிகள் முக்கியம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று கல்யாணமாகாத பெண்களுக்குப் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கல்யாண நிபந்தனையை எடுத்துவிட்டது. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மூலமோ பாகம் பிரித்து முடித்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்போதே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம் என்று இப்போது சொல்வதைக் கோர்ட் சுலபத்தில் நம்பாது.

"தம்பிக்கு என் பங்கை எழுதிக் கொடுக்கணும். விடுதலையா, செட்டில்மெண்டா, பாகப்பிரிவினையா?"

எல்லோரும் சேர்ந்து இது உனக்கு, இது எனக்கு என்று பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினை. கூட்டுச் சொத்தில் உங்களுக்குள்ள பங்கை மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். இதில் வாங்குகிறவருக்கும் அந்தச் சொத்தில் ஏற்கெனவே பங்கு இருக்க வேண்டும். உங்களுக்கே முழுசாகச் சொந்தமானதைப் பிரியத்தின் பேரில் குடும்பத்தாருக்குக் கொடுத்தால் செட்டில்மெண்ட். உங்கள் விஷயத்துக்கு விடுதலை போதும். மூன்றையும் பதிவு செய்ய வேண்டும்; குடும்பத்துக்குள் என்றால் கட்டணம் கிரயத்தை விட நன்றாகவே குறைவு.

வெள்ளைத்தாளில் எழுதிப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட கூறுச்சீட்டு செல்லுமா என்றும் கேட்பார்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த பிரிவினையை ஞாபகத்துக்குக் குறித்து வைத்தது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. அந்தத் தாளாலேயே பிரிக்கிறோம் என்று எழுதியிருந்தால் பதிவு இல்லாமல் நிற்காது.

"பழைய பாகப்பத்திரத்துல 'வளவு பொது, கிணறு பொது'ன்னு இருக்கு. அது யாருக்குச் சொந்தம்?"

வளவு என்பது வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்; பத்தி என்பது தாழ்வாரம். இந்தப் பத்திரங்களைப் படிப்பதே தனி ருசி. "முகப்பில் மேற்குப் பத்தி, வளவில் வடவண்டை இரட்டை அறை, இரண்டாம் கட்டில் தென்கிழக்கு மூலை அடுப்படி" என்று சர்வே எண்ணே இல்லாமல் வீட்டைக் கண்முன் நிறுத்தி எழுதியிருப்பார்கள். கடைசியில் "தலைவாசல், பட்டாலை, வளவு, கிணறு, நடைபாதை பொதுவில்" என்று ஒரு வரி வரும்.

பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தமில்லை. எல்லாப் பங்குதாரருக்கும் சொந்தம். யாரும் அதைத் தடுக்கவோ சுவர் எழுப்பவோ பூட்டவோ முடியாது. உங்கள் அறையை விற்றால் பொதுவில் உள்ள உரிமையும் கூடவே போகும். வளவை மட்டும் தனியாக வெட்டிக் கேட்டால் கோர்ட்டே யோசிக்கும்: நாலு பக்கமும் அறை, நடுவில் வானம் பார்த்த முற்றம், இதை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது? நியாயமாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்ல 1893-ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டத்தில் இடமுண்டு. பாதியும் அதற்கு மேலும் பங்குள்ளவர்கள் கேட்க வேண்டும். பல பெரிய வீடுகள் பூட்டியே கிடப்பதற்கு இந்தப் 'பாதி' சேராததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

"பங்காளி ஒருத்தர் தன் பங்கை வெளியாளுக்கு வித்துட்டாரு. அவன் நாளைக்கு வளவுல வந்து உக்காருவானா?"

தன் பிரிபடாத பங்கை விற்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் கிரயம் செல்லும். ஆனால் குடும்பம் குடியிருக்கும் பிரிபடாத வீடு என்றால், வாங்கிய வெளியாள் உங்களோடு சேர்ந்து உள்ளே இருக்க உரிமை கேட்க முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். அவருக்கு உள்ள வழி, பாகம் கேட்டு வழக்குப் போடுவது.

அப்படி அவர் வழக்குப் போட்டால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வருகிறது. மேலே சொன்ன 1893 சட்டத்தின் 4-ஆம் பிரிவில், அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். கோர்ட் மதிப்புப் போட்டுக் கொடுக்கும். விற்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால் இன்னும் நல்லது: ஒரே ஆளிடமிருந்து வாரிசாகப் பெற்றவர்களில் ஒருவர் விற்கப் பார்த்தால், மற்ற வாரிசுகள் முதலில் எங்களுக்குக் கொடு என்று கேட்கும் உரிமை வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

"அசையும் சொத்து, அசையாச் சொத்துங்கிறாங்க. தேக்குத் தூணைக் கழட்டி வித்தா அது எதுல சேரும்?"

வீட்டில் பொருத்தியிருக்கும் வரை தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல், இத்தாலிப் பளிங்கு எல்லாம் அசையாச் சொத்தின் பகுதி. பெட்டகத்துக்குள் இருக்கும் பித்தளை அண்டாவும் மரப்பாச்சியும் அசையும் சொத்து. பங்காளி ஒருவர் தனியாகத் தூணைக் கழற்றிப் பழைய சாமான் கடைக்கு ஏற்றினால், மற்றவர்களின் சொத்தையும் சேர்த்து ஏற்றுகிறார். லாரி கிளம்பிய பிறகு கேஸ் போடுவதை விட, கதவு ஆட்டம் காணும்போதே இடைக்கால உறுத்துக்கட்டளை கேட்பது புத்திசாலித்தனம்.

"உறுத்துக்கட்டளை, ஸ்டே, கேவியட்... எல்லாம் ஒண்ணுதானா?"

ஒருவரை 'இதைச் செய்யாதே' என்று கட்டுப்படுத்துவது உறுத்துக்கட்டளை. கோர்ட்டோ அதிகாரியோ போட்ட உத்தரவை நிறுத்தி வைப்பது ஸ்டே. என்னைக் கேட்காமல் எந்த உத்தரவும் போடாதீர்கள் என்று முன்கூட்டியே போட்டு வைப்பது கேவியட். அதன் ஆயுள் 90 நாள், அப்புறம் புதிதாகப் போட வேண்டும்.

உயர் நீதிமன்ற ஸ்டே என்றால் சென்னைக்கு ஓட வேண்டாம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் 2004 ஜூலை முதல் மதுரைக் கிளைதான்.

"வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு, வாங்காம திருப்பி அனுப்பிட்டேன். சரிதானே?"

நோட்டீஸ் எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய கடிதம். பதில் போடாவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது, பதில் போடுவது நல்லது. சம்மனை அப்படிச் செய்யாதீர்கள். அது கோர்ட் கூப்பிடுவது. வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே கணக்கு. நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். சம்மனே முறையாக வரவில்லை என்றால் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணலாம்.

"வீட்டைப் பாத்துக்கச் சொல்லி விட்ட ஆளு 12 வருஷத்துக்கு மேல இருக்காரு. அவருக்கே சொந்தமாயிடுமா?"

ஆகாது. 12 வருஷக் கணக்கு, உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, என் சொத்து என்று அனுபவித்தவருக்கு. நீங்கள் நம்பிச் சாவி கொடுத்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் உங்கள் சார்பில் இருப்பவர்தான். சாவி வைத்திருக்கும் பங்காளிக்கும் இதேதான்: ஒருவர் அனுபவம் எல்லாருடைய அனுபவம். உனக்குப் பங்கில்லை என்று மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து ஒதுக்கியதை அவர் நிரூபித்தால்தான் கதை மாறும். ஆகவே கடிதத்திலோ வாட்ஸப்பிலோ பங்கில்லை என்று வந்தால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

"பவர் வாங்கிட்டேன், கிரயம் வாங்கின மாதிரிதானே?"

இல்லை. பவர் என்பது உங்களுக்காக நான் கையெழுத்துப் போடலாம் என்ற அனுமதி மட்டும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் ஏஜெண்டுகள் முதலாளியின் பவரை வைத்துத்தான் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். அதனால் கடை ஏஜெண்டுக்குச் சொந்தமாகிவிடவில்லை. பவர் கிரயத்தால் சொத்து மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் தவற விடுவது இந்த 3 மாதத்தைத்தான்.

"அப்பச்சி ரெண்டு உயில் எழுதியிருக்காக. பதிவு பண்ணினது செல்லுமா, பின்னால எழுதினது செல்லுமா?"

சரியாக எழுதியிருந்தால் கடைசியாக எழுதியதுதான், அது வெறும் வெள்ளைத்தாளாக இருந்தாலும். உயிலுக்கு முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு செய்திருந்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவே. அப்புறம், அவர் தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். முழு வளவு வீட்டையும் மூத்தவனுக்கு என்று எழுதியிருந்தால், அவர் பங்கு அளவுக்குத்தான் செல்லும்.

"மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப சோறு போட மாட்டேங்கிறான். திருப்பி வாங்கலாமா?"

உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கொடுத்து ஏற்றுக்கொண்ட செட்டில்மெண்டைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. வழி ஒன்று இருக்கிறது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்து, அவர் பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு ரத்து கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வையுங்கள். எழுதச் சொன்னால் மகன் கோபித்துக்கொள்வான் என்பார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

"பிள்ளை கூட்டிப் போன எங்க சித்தப்பாவுக்கு இந்த வீட்ல பங்கு உண்டா?"

பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம், அதாவது தத்து. அப்படிப் போன நாளிலிருந்து பிறந்த வீட்டு உறவு சட்டப்படி அறுந்தது. கூட்டிய வீட்டில் பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் வந்தது. போவதற்கு முன்பே அவருக்கென்று வந்து சேர்ந்த சொத்து மட்டும் அவரோடு போகும்.

பொதுச் சட்டப்படி 15 வயது முடியாத, கல்யாணமாகாத பிள்ளையைத்தான் சுவீகாரம் எடுக்கலாம். வழக்கம் இருந்தால் விலக்கு உண்டு. நகரத்தாரில் (செட்டிநாட்டுச் செட்டியார்களில்) வளர்ந்த ஆளையும் கூட்டுவது நடப்பதால் இந்த விலக்கு நமக்கு முக்கியம்; ஆனால் தகராறு வந்தால் வழக்கத்தைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். சடங்கு நடந்த போட்டோவோடு நிறுத்தாமல், இருதரப்பும் கையெழுத்திட்ட சுவீகாரப் பத்திரத்தைப் பதிந்து வைத்தால் கோர்ட் அதை முறையான சுவீகாரம் என்றே எடுத்துக்கொண்டு தொடங்கும்.

"கைமாத்துக்கு வாங்கின புரோநோட்டு அஞ்சு வருஷமாச்சு. வசூல் பண்ணலாமா?"

நோட்டின் ஆயுள் 3 வருஷம். அதற்குள் கடன் வாங்கியவர் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் தன் கையெழுத்தில் வரவு வைத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து இன்னொரு 3 வருஷம். நோட்டைத் திருப்பிப் பாருங்கள். வரவு எழுதிய கை உங்களுடையது, கீழே அவர் கையெழுத்தும் இல்லை என்றால் பிரயோசனமில்லை.

"பணம் தராதவன் மேல 420 போடலாமா?"

2024 ஜூலை 1 முதல் 420 என்ற பிரிவே இல்லை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-க்குள் போய்விட்டது. எண் எதுவானாலும், வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. தர முடியாமல் போனது சிவில் விவகாரம். போலீஸ் ஸ்டேஷனில் தரும் மனு ரசீது, முதல் தகவல் அறிக்கை அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பிரிலிமினரி டிகிரி வந்துருச்சு. ஜெயிச்சாச்சுல்ல?"

பாதி ஜெயித்தீர்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை உங்களுக்கு ஆறில் ஒன்று என்று பின்னத்தை மட்டும் சொல்லும். எந்த அறை, எந்தப் பத்தி என்று சொல்வது இறுதித் தீர்ப்பாணை; நடைமுறையில் அதற்கு மனுப் போடுகிறார்கள். கோர்ட் ஒரு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும். அவர் சர்வேயரோடு வந்து அளந்து வரைபடம் போடுவார். அன்றைக்கு வீட்டில் இருங்கள், பொதுவில் விட்டது என்னென்ன என்று பழைய பாகப்பத்திரத்தைக் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில்கூட எல்லோரும் ஒத்துவந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிக்கலாம். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இறுதித் தீர்ப்பாணை கேட்பதற்குக் காலக்கெடு இல்லை. அதனாலேயே பலர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இடையில் பங்குதாரர் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும். அவர்கள் ஐப்போவில் இருவர், டல்லாஸில் ஒருவர் என்று இருப்பார்கள்; ஒவ்வொருவருக்கும் சம்மன் போய்ச் சேர வேண்டும். டிகிரி வந்த மாதமே அந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.